பரம்பரை குடல் கேன்சர், ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ். இனி சாப்பாடு, குடி, எடை எல்லாம் மாத்தி பிரயோஜனம் உண்டா?

ரப்பர்க்காடு34:

எல்லாருக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கம், வயசு 34. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க, ரெண்டு மாசமா வீட்ல இதே பேச்சு தான், யார்கிட்ட கேக்கன்னு தெரியல.

எங்க அப்பா 46 வயசுல பெருங்குடல் கேன்சர்ல போனாரு. பெரியப்பாவுக்கு 51-ல அதே தீனம். அத்தைக்கு 48-ல கர்ப்பப்பை. அப்பல்லாம் வீட்ல தோஷம், பரிகாரம்னு தான் பேசுனாங்க, யாரும் இதையெல்லாம் ஒண்ணா சேத்து பாக்கல. போன வருஷம் பெரியப்பா மகனுக்கு 38 வயசுல குடல்ல கட்டி, திருவனந்தபுரத்துல ஆபரேஷன். எடுத்த கட்டிய டெஸ்ட் பண்ணிட்டு அங்க உள்ள டாக்டர் தான் குடும்ப விவரம் எல்லாம் கேட்டு ரத்தத்துல ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு. லிஞ்ச் சிண்ட்ரோம், அதாவது குடும்பத்துல வழிவழியா குடல் கேன்சர் வர வைக்கிற ஜீன் கோளாறு, எம்எல்எச்1ங்கிற ஜீன்ல உண்டுன்னு வந்துச்சு. அதுக்கு பொறகு நாங்க மூணு பேரும் எடுத்தோம். எனக்கும் அண்ணனுக்கும் பாசிட்டிவ், தங்கச்சிக்கு இல்ல.

இப்ப பிரச்சினை என்னன்னா வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுறாங்க. அண்ணனுக்கு 41 வயசு, 96 கிலோ, 168 சென்டிமீட்டர் உயரம், சுகர் மாத்திரை உண்டு, ரப்பர் ஷீட் கடை வச்சிருக்கான், நாள் முழுக்க உக்காந்த வேலை, ராத்திரி ஒரு கட்டிங், பறோட்டா. கேட்டா "பொறக்கும்போதே எழுதியாச்சு, இனி வாயைக் கட்டி என்ன கிடைக்கப் போகுது"ங்கான். மச்சான் நேர் எதிரு, எல்லாத்தையும் இயற்கையா மாத்திட்டா ஜீன் வேலையே செய்யாது, அந்த டியூப் விட்டுப் பாக்குற டெஸ்டும் வேண்டாம்ங்காரு. அம்மைக்கு எல்லாத்துக்கும் காரணம் பீஃப் தான், ரெண்டு மாசமா வீட்ல அதை சமைக்கல. நான் 78 கிலோ, சிகரெட் ஒரு நாளைக்கு நாலு அஞ்சு, குடி கல்யாண வீட்ல மட்டும்.

இந்த ஜீன் உள்ளவங்களுக்கு பழக்கவழக்கத்தால உண்மையிலேயே ஏதாவது மாறுமா? இல்ல மனசு சமாதானத்துக்கு தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரல, ஒரே வெப்ராளமா இருக்கு.


நாகர்கோவில்_சிஸ்டர்:

தம்பி, நான் 17 வருஷமா குடல் வார்டுல நர்ஸ். முதல்ல ஒரு விஷயம், நீங்க டெஸ்ட் எடுத்ததே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, உங்க அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல.

அண்ணன் சொல்றதும் மச்சான் சொல்றதும் ரெண்டும் தப்பு. எப்படின்னு சொல்றேன். நம்ம செல் ஒவ்வொரு தடவை ரெண்டா பிரியும்போதும் டிஎன்ஏவை நகல் எடுக்கும், அதுல எழுத்துப்பிழை வரும், அதைத் தேடித் திருத்துற வேலை எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2ன்னு நாலு ஜீனுக்கு. ஒவ்வொண்ணுலயும் நமக்கு ரெண்டு காப்பி, அம்மாகிட்ட ஒண்ணு அப்பாகிட்ட ஒண்ணு. உங்களுக்கு எம்எல்எச்1-ல ஒரு காப்பி பொறக்கும்போதே கேடு, மத்தது வேலை செய்யுது. அந்த ரெண்டாவது காப்பியும் ஏதோ ஒரு செல்லுல கெட்டுப்போனா தான் பிழை குவியத் தொடங்கும். குடலோட உள்பக்கத் தோல் அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா புதுசாகுற இடம், அதனால நகலும் ஜாஸ்தி பிழையும் ஜாஸ்தி. அப்ப ஜீன் இருந்தா கேன்சர் வந்தே தீரும்னு இல்ல. எம்எல்எச்1 உள்ளவங்கள்ல 75 வயசுக்குள்ள ஏறக்குறைய பாதிப் பேருக்கு குடல்ல வருது, பிஎம்எஸ்2-ன்னா 10-ல ஒருத்தருக்கு தான். ஒரே குடும்பம், ஒரே ஜீன், ஒருத்தருக்கு 38-ல வரும், இன்னொருத்தர் 80 வயசுல பேரப்பிள்ளை கல்யாணம் பாப்பாரு. அந்த வித்தியாசத்துல கொஞ்சம் நம்ம கையில உண்டு.

இதுல ரொம்ப தெளிவா தெரிஞ்சது எடை. லிஞ்ச் உள்ள 900-க்கும் மேல ஆளுகளை வருஷக்கணக்குல பின்தொடர்ந்து பாத்து 2015-ல வெளியிட்டாங்க. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, 30-க்கு மேல உள்ளவங்களுக்கு சரியான எடை உள்ளவங்களை விட குடல் கேன்சர் 2.4 மடங்கு. எம்எல்எச்1 உள்ளவங்களுக்கு அதை விட கூட. எடையைக் குறைக்க வச்சு பாத்த டிரையல் இல்ல இது, பின்தொடர்ந்து பாத்த கணக்கு தான், ஆனா இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அலட்சியமா விட முடியாது. உங்க அண்ணனுக்கு கணக்கு போட்டேன், பிஎம்ஐ 34 வருது. 84 கிலோவுக்கு வந்தா 30-க்கு கீழ. 12 கிலோ. ஒரு வருஷம் வச்சா மாசம் ஒரு கிலோ, அவரு சுகருக்கும் அது நல்லது தான.

குடிக்கு வருவோம். ஒரு கட்டிங்னா 90 மில்லி, நம்ம ஊரு பிராந்தியில அது ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால். லிஞ்ச் உள்ளவங்கள்ல தினமும் 28 கிராமுக்கு மேல குடிச்சவங்களுக்கு குடிக்காதவங்களை விட ஏறக்குறைய 1.7 மடங்கு ரிஸ்க்னு பாத்திருக்காங்க. உங்க அண்ணன் தினமும் அந்தக் கோட்டைத் தாண்டுறாரு, இதை அப்படியே அவருகிட்ட காட்டுங்க.

நீங்க அண்ணனைப் பத்தியே எழுதியிருக்கீங்க, உங்க சிகரெட்டை யாரு கேக்க? லிஞ்ச் உள்ளவங்கள்ல சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு தான் பாலிப் அதிகம் வருது, கேன்சரா மாறுற அந்த மொட்டு மாதிரி உள்ளது. நாலு தான அஞ்சு தானன்னு நினைக்காதீங்க. விடுங்க.

இனி மச்சானுக்கு. இந்த எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சாலும் ஸ்கோப், அவரு சொல்ற அந்த டியூப் டெஸ்ட், வேண்டாம்னு ஆகாது. மத்தவங்களுக்கு பாலிப் கேன்சரா மாற 10 வருஷம் கூட ஆகும், லிஞ்ச்ல ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாறிடும். அதனால தான் எம்எல்எச்1, எம்எஸ்எச்2 உள்ளவங்களுக்கு 25 வயசுல தொடங்கி ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கொலோனோஸ்கோப்பி. ஃபின்லாந்துல 15 வருஷம் பாத்தாங்க, ஸ்கோப் எடுத்துட்டே வந்த 133 பேர்ல 8 பேருக்கு கேன்சர், யாரும் அதால சாகல. எடுக்காத 119 பேர்ல 19 பேருக்கு வந்து 9 பேர் போய்ட்டாங்க. சாப்பாட்டை மாத்தி இந்த மாதிரி ஒரு கணக்கை யாரும் இதுவரை காட்டினது கிடையாது. நீங்க 34, அண்ணன் 41, ரெண்டு பேரும் லேட்டு. இந்த மாசமே போங்க.


குளச்சல்_கடல்காத்து:

மக்ளே, நான் எம்எஸ்எச்2. வயசு 47. கர்ப்பப்பையும் சினைப்பையும் 42-லயே எடுத்தாச்சு, நம்மள மாதிரி உள்ள பொம்பளைங்களுக்கு அங்கயும் வரும், இதை ஆம்பளைங்க யாரும் சொல்ல மாட்டாவ, உங்க அத்தைக்கு வந்ததும் அது தான். அத்தைக்கு பிள்ளைங்க இருந்தா அவியளையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

என் அண்ணன் கதைய சொல்லுதேன். அவருக்கும் எம்எஸ்எச்2. டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்னைக்கே குடிய விட்டாரு, இறைச்சி விட்டாரு, விடியக்காலம் அஞ்சு மணிக்கு கடற்கரையில நடப்பாரு, கம்பு, கொள்ளு, முருங்கை இலை தோரன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஸ்கோப் மட்டும் வேண்டாம், இவ்வளவு ஒழுங்கா இருக்கேன் எனக்கு என்னத்துக்குன்னு. மூணு வருஷம் அப்பிடிப் போச்சு. பொறகு ரத்தம் போச்சு. காட்டப் போன இடத்துல மூலம்னு சொல்லி ஆறு மாசம் மருந்து குடுத்தாவ, குடும்பத்துல இப்பிடி ஒரு ஜீன் உண்டுன்னு அண்ணன் சொல்லல, அவியளும் கேக்கல. கடைசில ஸ்கோப் எடுத்தப்ப வலது பக்கம் குடல்ல பெரிய கட்டி, ஈரலுக்கும் போயாச்சு. போய் மூணு வருஷம் ஆகுது. அவரு நடந்த நடையும் சாப்ட்ட சாப்பாடும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அதுல அவரு சுகர் பிரஷர் எல்லாம் கொறஞ்சு தான் இருந்துச்சு. ஆனா அந்த நம்பிக்கையில தான் டெஸ்ட்ட தள்ளிப் போட்டாரு. உங்க மச்சான் பேச்சைக் கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுது, அதான் எழுதுதேன்.

எனக்கு ஒம்பது தடவை ஸ்கோப் எடுத்தாச்சு. ரெண்டு தடவை பாலிப் இருந்துச்சு, அப்பவே அறுத்து எடுத்துட்டாவ. ஒரு மணிநேரத்துல சாயா குடிக்கலாம் வீட்டுக்கு வரலாம். அந்த பேதி மருந்து குடிக்கிற ராத்திரி தான் கஷ்டம், அத விட்டா ஒண்ணும் இல்ல.


தோவாளை_பிச்சி:

ரப்பர்க்காடு அண்ணே, எனக்கு எம்எஸ்எச்6, ஸ்கோப் 35-ல இருந்து. ரெண்டு விஷயம் யாரும் சொல்லல, சொல்லிடுறேன்.

ஒண்ணு ஆஸ்பிரின். காப்2ன்னு ஒரு பெரிய டிரையல், லிஞ்ச் உள்ள 861 பேர்ல பாதிப் பேருக்கு தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, சராசரி ரெண்டு வருஷம். 10 வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து 2020-ல சொன்னாங்க, ஆஸ்பிரின் எடுத்தவங்கள்ல 9 சதவீதத்துக்கு குடல் கேன்சர், எடுக்காதவங்கள்ல 13. மாத்திரையை நிறுத்தி பல வருஷம் கழிச்சும் பலன் இருந்துச்சு. அதே டிரையல்ல தான் சிஸ்டர் சொன்ன எடை விஷயமும் வந்துச்சு, அதுல இன்னொண்ணு என்னன்னா குண்டா உள்ளவங்க ஆஸ்பிரின் எடுத்தப்ப அந்த கூடுதல் ரிஸ்க் தெரியல. அண்ணன்கிட்ட சொல்லுங்க, ஆனா மெடிக்கல் ஷாப்ல போய் நேரா வாங்கிப் போடக் கூடாது. வயித்துல புண்ணு, ரத்தக்கசிவு, ஆஸ்துமா இதெல்லாம் பாத்து டாக்டர் தான் டோஸ் சொல்லணும், எனக்கு முதல்ல வயித்துப் புண்ணு உண்டாக்குற ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கான்னு பாத்துட்டு தான் எழுதுனாரு. அப்புறம் நம்ம ஊருல மழைக்காலம் வந்தா டெங்கு, காய்ச்சல் வந்தா ஆஸ்பிரின் உடனே நிறுத்திட்டு டாக்டர்ட்ட சொல்லணும், டெங்குல அது ரத்தக்கசிவை கூட்டிரும். இது வெளிநாட்டு டாக்டர் எழுதுன கட்டுரையில பெருசா இருக்காது, நமக்கு முக்கியம்.

ரெண்டாவது நம்ம ஏத்தன்காய், நேந்திரம் வாழைக்காய் தான். நிஜமா தான். அதே காப்2-ல சிலருக்கு தினமும் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்து பவுடர் குடுத்தாங்க, ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்னு சொல்வாங்க, சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்கு போய் அங்க உள்ள நல்ல கிருமிக்கு தீனி ஆகும். குடல் கேன்சர் இதால குறையல, இதை மறைக்கக் கூடாது. ஆனா 2022-ல வந்த கணக்குல இரைப்பை, முன்சிறுகுடல், பித்தநாளம், கணையம் மாதிரி மேல்பக்க கேன்சர் பவுடர் சாப்ட்ட 463 பேர்ல 5, சாப்பிடாத 455 பேர்ல 21. லிஞ்ச்ல அந்த இடங்கள்லயும் வரும், அதனால சின்ன விஷயம் இல்ல. இந்த சத்து எதுல உண்டுன்னா பழுக்காத வாழைக்காய், பயறு வகை, ஆறின சோறு. நம்ம பாட்டிமார் குடிச்ச பழங்கஞ்சியில உண்டு. பவுடர் வச்சு பாத்த டிரையலை பழங்கஞ்சிக்கு அப்படியே பொருத்த முடியாது, இருந்தாலும் காலையில பறோட்டாவுக்கு பதிலா பழங்கஞ்சியும் சுட்ட நெத்தோலியும்னா நஷ்டம் என்ன?


மண்டைக்காட்டான்:

இந்த டிரையல் எல்லாம் வெளிநாட்டுக்காரங்க உடம்புல பாத்தது. நம்ம சாப்பாடு வேற, உடம்பு வேற. அம்மா சொல்ற மாதிரி பீஃப் தான் காரணமா இருக்கும்னு எனக்கும் தோணுது.


நாகர்கோவில்_சிஸ்டர்:

மண்டைக்காட்டான் அண்ணே, நியாயமான கேள்வி. அந்த டிரையல்ல பெரும்பாலும் ஐரோப்பா பக்கம் உள்ளவங்க தான், நம்ம ஆளுக மேல இப்படி பாத்தது ரொம்ப குறைவு. ஆனா ஜீன் பிழை திருத்துற முறை எல்லா மனுஷனுக்கும் ஒண்ணு தான்.

பீஃப் பத்தி. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு பதப்படுத்துன இறைச்சிய, சாசேஜ், ஹாம், பேக்கன் இதையெல்லாம், கேன்சர் உண்டாக்கும்னே சொல்லிடுச்சு. மாடு, ஆடு, பன்னி மாதிரி சிவப்பு இறைச்சிய உண்டாக்க வாய்ப்பு உண்டுன்னு அடுத்த படியில வச்சுது. இது பொதுவா எல்லாருக்கும். லிஞ்ச் உள்ளவங்கள்ல நெதர்லாந்துல 486 பேரோட சாப்பாட்டு முறைய பாத்தாங்க, இறைச்சி ஜாஸ்தி சாப்ட்டவங்களுக்கு பெரிய வித்தியாசம் தெளிவா வரல, நொறுக்குத் தீனி, எண்ணெயில பொரிச்சது, ஃபாஸ்ட் ஃபுட் ஜாஸ்தி சாப்ட்டவங்களுக்கு தான் பாலிப் ஏறக்குறைய 2 மடங்கு. அப்ப அம்மா வீட்ல பீஃப் சமைக்காம விட்டுட்டு சாயங்காலம் சாயாவுக்கு மிக்சரும் உப்பேரியும் பழம்பொரியும் வச்சா கணக்கு சரியாகல. வாரத்துல ஒரு நாள் கொஞ்சமா பீஃப் கறி, மத்த நாள் சாளை, அயிலை, பயறு தோரன், கீரைன்னு வச்சாலே போதும்னு நான் சொல்வேன். அம்மாவோட மனசுல குற்ற உணர்ச்சி இருக்கும், நான் சமைச்சுப் போட்டு தான் மனுஷன் போய்ட்டாருன்னு. தம்பி, அது உங்க அம்மாவோட கையால வந்தது இல்ல, அப்பாவோட ரத்தத்துல வந்தது. அதை அவங்ககிட்ட ஒரு தடவை சொல்லுங்க.

இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. அத்தை மகன், அத்தை மகள்னு சொந்தத்துல கல்யாணப் பேச்சு ஏதாவது ஓடுதா? ரெண்டு பேருக்கும் இதே ஜீன்ல பிழை இருந்தா பிள்ளைக்கு ரெண்டு காப்பியும் கெட்டுப்போய் வர நாலுல ஒண்ணு வாய்ப்பு, அப்படி வந்தா சின்ன வயசுலயே கேன்சர் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துட்டா பயம் இல்ல. வேலூர் சிஎம்சியில மரபணு பிரிவு உண்டு, மும்பை டாட்டா மெமோரியல்ல கேன்சர் ஜீன் கிளினிக்கே தனியா உண்டு, விவரமா உக்காந்து பேசுவாங்க.


ரப்பர்க்காடு34:

சிஸ்டர், நீங்க எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு தெரியல. எனக்கு அத்தை மகளைத் தான் பேசி வச்சிருக்காங்க. கையெல்லாம் நடுங்கிடுச்சு வாசிச்சப்ப. ராத்திரியே அவகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன், அவ ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, நாளைக்கே டெஸ்ட் எடுக்குறேன்னு சொல்லிட்டா.

குளச்சல் அக்கா எழுதுனதை மச்சானுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு "நான் கார் எடுத்துட்டு வாறேன், எப்ப போகணும்"னு மட்டும் கேட்டாரு.

அம்மைகிட்ட சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அழுதாங்க. அப்பா போனதுல இருந்து 14 வருஷமா அதை மனசுல வச்சிருந்திருக்காங்க, எங்களுக்கு தெரியவே இல்ல.

அண்ணன் தான் முதல்ல எழும்பிப் போய்ட்டான். பொறகு வந்து அந்த 84 கிலோ கணக்கை திரும்பக் காட்டச் சொன்னான். கட்டிங்கை ஞாயித்துக்கிழமை மட்டும்னு சொல்லியிருக்கான், நான் முழுசா விடுன்னேன், பாப்போம்னான். நான் சிகரெட் விட்டு இன்னைக்கு ஆறாவது நாள். ரெண்டு பேருக்கும் அடுத்த செவ்வாய் காலையில ஸ்கோப்புக்கு தேதி வாங்கியாச்சு. அண்ணனுக்கு சுகர் மாத்திரை உண்டே, அன்னைக்கு காலையில போடலாமா? முந்தின நாள் என்ன சாப்பிடலாம்? அம்மை ஏத்தன்காய் அவிச்சு வைக்கவான்னு கேக்காங்க.


குளச்சல்_கடல்காத்து:

அய்யோ அம்மைகிட்ட ஏத்தன்காய் ஸ்கோப் முடிஞ்ச பொறகு அவிக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாளைக்கு முந்தியே கீரை, பயறு, தோலுள்ள பழம், வித்து உள்ளது எல்லாம் நிறுத்தணும், வெள்ளச் சோறு, மீன், முட்டை போதும். முந்தின நாள் கஞ்சித்தண்ணி, கருக்குத் தண்ணி (இளநீர்), பால் ஊத்தாத சாயா. சிவப்புக் கலர் ஜூஸ் எதுவும் வேண்டாம், உள்ள ரத்தம் மாதிரி தெரியும். பேதி மருந்தை பிரிட்ஜ்ல வச்சு குளிர குடிச்சா குமட்டாது, பாதியில நிறுத்திடாதீங்க, குடல் சுத்தமாகலன்னா திரும்பவும் முதல்ல இருந்து வரச் சொல்லுவாவ.


நாகர்கோவில்_சிஸ்டர்:

சுகர் மாத்திரையை நீங்களா முடிவு பண்ணாதீங்க. சாப்பிடாம மாத்திரை போட்டா சுகர் தாழ்ந்து மயக்கம் வரும், எந்த மாத்திரைன்னு பாத்து தான் சொல்ல முடியும். தேதி குடுத்த இடத்துக்கு திங்கள் காலையிலயே ஃபோன் பண்ணி மாத்திரை பேரைச் சொல்லிக் கேளுங்க. போகும்போது ரெண்டு பேரோட ஜீன் ரிப்போர்ட்டும் கையில கொண்டு போங்க, டாக்டர் கேக்கலன்னாலும் எடுத்துக் காட்டுங்க. மச்சானை கூட இருக்கச் சொல்லுங்க, மயக்க ஊசி போட்டா அன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. ரிசல்ட் வந்ததும் இங்க எழுதுங்க தம்பி, பாத்துட்டே இருப்பேன்.